கோபுரச் சுவரில் ஐந்து கண்ணாடிகள்

பிப்ரவரி 4

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். எனக்கு முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது. உன் அத்தானுக்கு இடது காது இன்னும் மந்தமாகிவிட்டது. முப்பது வருஷம் மணிக்குக் கீழே நின்று கயிறு இழுத்தால் வேறென்ன ஆகும்? நான் திட்ட ஆரம்பித்தால் அந்தக் காதைத்தான் என் பக்கம் திருப்புகிறார்.

மாதா கோயில் சமாசாரம் எழுதிவிடுகிறேன். கூரைக் குழாய்களில் அடைத்திருந்த இலையெல்லாம் எடுத்தாயிற்று. பீடத்துக்குப் பின்னால் இருந்த பழைய வயர்களை எலக்ட்ரீஷியன் மாற்றிவிட்டார். தீ வாளிகளில் மணல் புதுசு. கோபுர விரிசல்களின் மேல் நீ ஒட்டிவிட்டுப் போன ஐந்து கண்ணாடிகளும் முழுசாக இருக்கின்றன. வழக்கம்போல் அத்தான்தான் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நூற்றுப் பதினெட்டுப் படி, என் முழங்கால் பத்தாவது படியிலேயே கும்பிடு போட்டுவிடும்.

முக்கியமான விஷயம். அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு இருநூறு வயசு. மூன்று மணிகளையும் சேர்த்து அடிக்கப்போகிறார்களாம், கட்டிப்போட்டிருக்கும் பெரிய மணி உட்பட. நாற்பது பிள்ளைகள் கோபுரத்துக்கு நேர் கீழே நின்று பாடுவார்கள். அங்கேதான் குரல் நன்றாக எழும்பும் என்று கமிட்டிச் செயலாளர் கண்டுபிடித்திருக்கிறார். அதற்கு முன் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட இந்த வருஷப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமாம். ஒரு நடை வந்து பார்த்துவிட்டுக் கொடு. உன் முகத்தைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது.

ஒன்று மறந்துவிட்டேன். நீ வைத்துவிட்டுப் போன பெட்டியில் கண்ணாடித் துண்டு தீர்ந்துவிட்டதாம். இன்னும் இரண்டு டஜன் அனுப்பச் சொன்னார் அத்தான்.

மறக்காமல் பதில் போடு.
அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. யாராவது சிரிக்க வைத்தால் அழுகிறாள். நீ முழங்காலுக்கு நீயே வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போ.

இப்போது என்னால் வர முடியாது, தலைக்கு மேல் வேலை. ஆனால் உன் கடிதம் வந்தாலே எனக்கு நேரில் பார்த்த மாதிரிதான். சான்றிதழை இன்று காலை பாதர் பெயருக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்.

தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். கண்ணாடித் துண்டு தீர்ந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? சுவரில் இருப்பது ஐந்து. புது விரிசல் வந்தால் ஒட்டுவதற்கென்று பெட்டியில் முப்பது வைத்துவிட்டு வந்தேன். அந்த முப்பதும் எங்கே போயின? அத்தானைக் கேட்டு உடனே எழுது.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.
தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

அக்காவின் ஆசி. பல் விழுந்தவளிடம், அத்தைக்கும் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது என்று சொல், அழுகை நிற்கும்.

அத்தானைக் கேட்டேன். "உடைஞ்சதை மாத்தினேன், வேற என்ன பண்ணினேன்? உடைஞ்ச கண்ணாடியை அப்படியே விட்டா ஏறி வர்றவன் நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்?" என்கிறார். அவர் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே. ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலும் அன்றைக்கே மாற்றி, மாற்றிய தேதியைப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிவைக்கிற மனிதர். கண்ணாடிகளையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். புறா மோதி உடைகிறது என்று நினைக்கிறார். இந்த ஆறு வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட ஒரு வாரத்துக்கு மேல் உடைந்து கிடந்ததில்லையாம். பெருமையாகச் சொன்னார், நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். சீக்கிரம் அனுப்பிவை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
அக்கா


மார்ச் 9

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட மனசு நிற்கவில்லை, மன்னித்துக்கொள்.

அந்தக் கண்ணாடிகளை நான் அழகுக்கு ஒட்டவில்லை. விரிசலின் இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி, நடுவில் மெல்லிய கண்ணாடி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அது உடைந்தால் எனக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் ஒட்டினேன். மாதாமாதம் "ஐந்தும் முழுசாக இருக்கின்றன" என்று நீ எழுதினாய். சுவர் அசையவே இல்லை என்று நான் படித்துக்கொண்டேன். முப்பது தடவை உடைந்திருக்கிறது, அக்கா. முப்பது தடவை!

இதை அத்தானிடம் ஒழுங்காக விளக்காமல் போனது என் தப்பு. எந்தக் கண்ணாடி, எத்தனை தடவை, எந்தெந்தத் தேதியில் உடைந்தது என்று எழுது. பெரிய மணியை அவிழ்க்கவே கூடாது. பிள்ளைகளை ஏதாவது சாக்குச் சொல்லி அந்த இடத்திலிருந்து தள்ளி நிற்க வை. நீங்கள் இருக்கும் இரண்டு அறையும் கோபுரத்தை ஒட்டித்தானே இருக்கின்றன? கட்டிலை வெளிப்பக்கத்து அறைக்கு மாற்றுங்கள்.

பாதரிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். நான் யோசித்து எழுதுகிறேன்.

தம்பி


மே 28

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

நீ நடுவில் போட்ட மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் மார்ச் மாதக் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் மூன்று நாள் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நாலாம் நாள், "நான் ஒழுங்கா வேலை செஞ்சது தப்பாப் போச்சா?" என்று கேட்டார். பாதரிடம் சொன்னால் அத்தான் வேலை போகும். வேலை போனால் இந்த இரண்டு அறையும் போகும். இந்த வயசில் எங்கே போவோம்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவர் ஏறிப்போய்ச் சுவரில் எழுதியிருந்த தேதிகளைப் பார்த்துச் சீட்டில் எழுதிவந்தார். மூன்றாவது கண்ணாடி மட்டும் பத்தொன்பது தடவை. முதல் வருஷம் ஒரு தடவை, போன வருஷம் ஏழு தடவை. இந்த வருஷம் ஜனவரியில் மட்டும் இரண்டு. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றினேன், தரைக்கு மெழுகு போடவேண்டும் என்று பொய் சொல்லி. இரண்டே வாரம். "மெழுகு காயறதுக்கு வருஷக்கணக்காகுமாம்மா?" என்று கேட்டுச் செயலாளர் திரும்ப அங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உன் சான்றிதழைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். "பிப்ரவரி 18 அன்று நேரில் ஏறிப் பார்வையிட்டேன்" என்று இருக்கிறது. பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம்வரை கோபுர வாசலில் உட்கார்ந்து கதவுக்கு வார்னிஷ் அடித்தது நான்தான். என்னைத் தாண்டி யார் ஏறினது? நீ இந்த ஊருக்கு வந்து என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் போவாயா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
அக்கா


ஜூன் 10

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். உனக்கும் அத்தானுக்கும் சுகம் என்று நம்புகிறேன்.

சீட்டு கிடைத்தது. மூன்றாவது கண்ணாடி இருக்கும் விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சில் புள்ளி வைக்கச் சொல். வாரம் ஒருமுறை இடைவெளியை அளந்து எழுது. ஒரு நூல் கூடினாலும் எனக்குத் தெரியவேண்டும்.

சான்றிதழில் இருப்பது எல்லோரும் எழுதுகிற வாசகம்தான், அதைப் பெரிசுபடுத்தாதே. ஜூலையில் கட்டாயம் வருகிறேன்.

அத்தானிடம் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்.
தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

சுகமா இருக்கிறாயா என்று கேட்கிறேன், பழக்கதோஷம்.

ஜூலை முடிந்துவிட்டது. நீ வரவில்லை. புள்ளிகளுக்கு இடையே ஆறு வாரத்தில் ஒரு தீக்குச்சிக் கனம் கூடியிருக்கிறது. மாதாமாதம் "முழுசாக இருக்கிறது" என்று எழுதிய அதே கையால் இதையும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நடந்ததைக் கேள். ஒத்திகை பார்க்கவேண்டும் என்று செயலாளர் பெரிய மணியை அவிழ்க்கச் சொன்னார். அத்தான் மாட்டேன் என்றார். முப்பது வருஷத்தில் அவர் கமிட்டியிடம் மாட்டேன் என்று சொன்னது அன்றைக்குத்தான். செயலாளரே ஆள் வைத்து அவிழ்த்துவிட்டார். ஒன்பது அடி. நாலாவது அடியிலிருந்து மேலிருந்து பொடி கொட்டியது. கீழே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். நாற்பது தலையும் வெள்ளை. ஒன்றுக்கொன்று தலையைக் காட்டிச் சிரிக்கிறார்கள். "வெளியே ஓடுங்க! எல்லாரும் வெளியே!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையிலும் அகப்பட்டதுகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

"பழைய கட்டடம்மா, தூசி விழத்தான் செய்யும். பிள்ளைங்களைப் பயமுறுத்தாதீங்க" என்கிறார் செயலாளர்.

நேரே பாதரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணாடி, அத்தான், நான் மறைத்தது, ஒன்று விடவில்லை. உன் பிப்ரவரி 18 பற்றி மட்டும் வாய் வரவில்லை. பாதர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு வாசலில் இருந்த சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். "உங்க தம்பி படிச்சவர். மேலே ஏறிப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க கீழே நின்னுக்கிட்டு விழும்னு சொல்றீங்க. நான் யாரை நம்பட்டும்மா?"

நீதான் பதில் சொல்லவேண்டும். ஏன் வரமாட்டேன் என்கிறாய்? இனி மழுப்பாதே.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துப் போட்டேன். நீங்கள் இருவரும் பத்திரமாக இருக்கவேண்டும். அதை மட்டும் முதலில் எழுதிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் வேறொரு கோயிலில் வேலை. சாரத்தின்மேல் நின்றுகொண்டு, "இன்னும் ஒரு தட்டு மேலே வாங்க, இந்தக் கல்லைத் தட்டிப் பாருங்க" என்று ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்தார். பலகை புரண்டது. என் கைக்கெட்டிய தூரத்தில்தான் போனார். விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகு என்னால் ஏற முடியவில்லை. பத்துப் படி தாண்டினால் கால் மரத்துப்போகிறது, மூச்சு அடைக்கிறது. வெளியே சொன்னால் வேலை போகும் என்று யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. கோபுரத்துக்குக் கீழே காரை நிறுத்தி அரைமணி உட்கார்ந்திருப்பேன். அங்கே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். உங்கள் கோயிலுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, உன் கடிதம் இருந்தது. இப்படி இன்னும் பதினொரு கோயில்கள் இருக்கின்றன, அக்கா.

பிப்ரவரி 18 பொய். அந்தச் சான்றிதழ் செல்லாது, கோபுரத்தை மூடிவிடுங்கள் என்று இன்று பாதருக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். ஏறாமலே கையெழுத்துப் போட்டேன் என்றும் எழுதிவிட்டேன்.

உன் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன் என்று தெரியவில்லை.
தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? முதலில் அதைச் சொல்.

உன் கடிதத்தை உட்கார்ந்து அழுதுகொண்டே படித்தேன். அந்தக் கொத்தனாருக்காகவும் அழுதேன், உனக்காகவும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. நாலு வருஷம் என்னிடம்கூடச் சொல்லாமல் சுமந்தாயே, மடையா!

உன் பதிவுத் தபாலைப் பாதர் கமிட்டியில் படித்தார். செயலாளர் எழுந்து, "பிப்ரவரியில பார்க்காமலே நல்லாயிருக்குன்னார். இப்பவும் பார்க்காமலேதான் மோசம்னு சொல்றார். நான் எந்தக் கையெழுத்தை எடுத்துக்கிறது? அக்காளும் தம்பியும் பேசி வெச்சுக்கிட்டு விழாவைக் கெடுக்கப் பார்க்கறாங்க" என்றார். கமிட்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாதரும் குழம்பிப்போய்விட்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் புது உடுப்பு தைத்தாயிற்று. தினமும் அங்கேயேதான் நிற்க வைக்கிறார்கள். பெற்றவர்கள் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "பாதரே ஒண்ணும் சொல்லலையே" என்கிறார்கள்.

உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை என்றால் அது நீ முன்னால் போட்ட பொய்யால்தான். இனி எழுதிப் பிரயோசனம் இல்லை. நீ வந்து அவர்கள் கண்முன்னால் ஏறிக் காட்டவேண்டும். நாற்பத்துமூன்று நாள் இருக்கிறது. வா.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

இருபதாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். பாதர் என்னோடு ஏறவேண்டும் என்று கேட்டுவை. அத்தான் முன்னால் போகட்டும். இதற்குமேல் எழுதினால் வராமல் இருக்கக் காரணம் தேட ஆரம்பித்துவிடுவேன்.

தம்பி


செப்டம்பர் 28

அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, தலையைத் தடவிக்கொடுத்தாள். திட்டியிருக்கலாம்.

அங்கே இருந்த இரண்டு நாளும் நாம் ஒழுங்காகப் பேசவே இல்லை. மேலே நடந்ததை நீ பார்க்கவும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை முப்பதாவது படிவரை எப்படி ஏறினேன் என்று தெரியாது. அதற்குமேல் கால் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் வேர்வை. எனக்குப் பின்னால் இருந்த பாதர், "வேண்டாம்பா, இறங்கிடலாம்" என்றார். அத்தான் நாலு படி இறங்கி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை தைரியம் சொல்லவில்லை. "எழுபத்திரெண்டாவது படி கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும், அங்க மட்டும் வலது காலை வை" என்றார். பிறகு ஒவ்வொரு படிக்கும் எந்தக் காலை எங்கே வைக்கவேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மேலே சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணாடிக்குப் பக்கத்திலும் பென்சிலில் தேதி, ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்றாவது கண்ணாடியின் வரிசை என் இடுப்புவரை இறங்கியிருந்தது. ஆறு வருஷமாக அந்தச் சுவர் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏறிவந்த எவனும் அதை ஒரே நிமிஷத்தில் படித்திருப்பான். பாதர் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார். "நானும்தானே ஒரு நாளும் ஏறலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நான் கொண்டுபோன புதுக் கண்ணாடியை அந்த இடத்தில் ஒட்டினேன். சாந்து இறுகக் காத்திருந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி ஏறினோம். சின்ன மணியைக்கூட அடிக்கவேண்டாம் என்று சொன்னேன். தினமும் அடிப்பதுதானே, என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று பாதர் பிடிவாதமாக நின்றார். கீழே கயிற்றை இழுத்தது நீ. முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் கண்ணாடி குறுக்கே வெடித்தது. சத்தம்கூட இல்லை, மணிச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. பாதர் முகம் வெளுத்துவிட்டது. அத்தான் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கப் போனார். "தொடாதீங்க!" என்று பாதர் போட்ட சத்தம் உனக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் நீ பார்த்தாயே. பூசைக்கு வந்துகொண்டிருந்தவர்களைப் பாதர் வாசலிலேயே நிறுத்திக் கதவைப் பூட்டினார்.

என் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்து உரிமையை நிறுத்திவைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. என் வாக்குமூலத்தில் அத்தானை இழுக்கவில்லை. கண்ணாடிகளைச் சரியாக ஒட்டாதது நான், உடைந்ததைக் கவனிக்காதது நான் என்றுதான் எழுதியிருக்கிறேன். நீயும் அத்தானும் ஒன்றும் தெரியாது என்று இருந்துவிடுங்கள். வேலையும் வீடும் உங்களுக்கு நிலைக்கட்டும். மற்ற கோயில்களைப் பற்றி இப்போது பேச்செடுத்தால் எல்லாம் இன்னும் சிக்கலாகும். இது முதலில் முடியட்டும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.
தம்பி


அக்டோபர் 19

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நாற்பது பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். இன்றைக்கு நலம் என்று எழுத இது போதும்.

பன்னிரண்டாம் தேதி பூசையை வெளியே மைதானத்தில் வைத்தார்கள். பிள்ளைகள் புது உடுப்போடு வெயிலில் நின்று பாடினார்கள். காற்று பாதிப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பின்வரிசையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எல்லோருக்கும் குறை. செயலாளர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கொத்தனார்கள் வந்தார்கள். மூன்றாவது கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு கல்லை உருவி, தலைமைக் கொத்தனார் உள்ளே கையை விட்டாராம். தோள்வரை போயிருக்கிறது. கீழே வந்து, "உள்ள கல்லே இல்லைம்மா, எல்லாம் மண்ணாப் போய்க்கிடக்கு. இன்னும் பத்து நிமிஷம் பெரிய மணி அடிச்சிருந்தா அவ்வளவுதான்" என்றார். செயலாளர் பக்கத்தில்தான் நின்றார். அவர் பேத்தி முன்வரிசையில் பாடுகிற பிள்ளை. மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமை உன் அத்தான் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "விசாரணை நடக்குதுல்ல, போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றார். நானும் கூடப் போனேன். விசாரணைக்கு நம்மூருக்கு வந்திருக்கும் அதிகாரி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கண்ணாடியை மாற்றியது நான்தான், முப்பது தடவையும் நான்தான், தேதி எழுதியதும் நான்தான் என்று நின்றபடியே சொன்னார். அதிகாரி உன் தாளை எடுத்துக் காட்டினார். "உங்க மச்சினன் வேற மாதிரி எழுதியிருக்காரே. நீங்க அவரைக் காப்பாத்த வந்தீங்களா?" என்று கேட்டார்.

தம்பி, உன் அத்தான் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். "உன் தம்பி என்னைப் பொய்யனாக்கிட்டான்" என்றார்.

யார் உன்னைக் கேட்டது? உடைந்ததெல்லாம் கண்ணில் படக்கூடாது என்று அவர் மாற்றினார். அவர் வேலை போகக்கூடாது என்று நான் நாலு மாதம் வாயை மூடினேன். உன் பயம் வெளியே தெரியக்கூடாது என்று நீ கையெழுத்துப் போட்டாய். இப்போது எங்களுக்காக இன்னொரு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பாசம் என்கிறாய். நமக்குள் பாசத்துக்குக் குறைவே இல்லை. அதற்குக் கீழேதான் ஏழு மாதம் நாற்பது பிள்ளைகள் நின்று பாடினார்கள்.

அறைகளைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வரும். வரட்டும். பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் போ. எழுதியது பொய் என்று சொல். அத்தான் பெயரைச் சொல், என் பெயரைச் சொல். பிறகு அந்தப் பதினொரு கோயில்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல். இது முடியட்டும் என்கிறாயே, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றிலும் மணி அடித்திருப்பார்கள்.

சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா